ஒன்பதாவதோடு டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

மருதாணிச்செடி:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வீட்டிலேயே நான்கு விசைத்தறி ஓடுகிறது. மகனுக்கு 14 வயது, பக்கத்து டவுனில் ஒரு மெட்ரிக் பள்ளியில் 9ஆம் வகுப்பு படிக்கிறான், எல்.கே.ஜி.யிலிருந்து அதே பள்ளிதான். போன வாரம் அவன் அப்பாவையும் என்னையும் வரச்சொல்லி, இவன் பத்தாவது பொதுத்தேர்வு எழுதினால் பாஸாக மாட்டான், பள்ளியின் நூறு சதவீத ரிசல்ட் போய்விடும், முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கதவு திறந்துதான் இருந்தது.

போன வருஷம் கோவையில் ஒரு உளவியல் நிபுணரிடம் காட்டினோம். இரண்டு நாள் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, அறிவுத்திறனில் எந்தக் குறையும் இல்லை, டிஸ்லெக்சியாவும் டிஸ்கிராஃபியாவும் இருக்கிறது, வாசிப்பதிலும் எழுதுவதிலும்தான் சிக்கல் என்று அறிக்கை கொடுத்தார். எங்களுக்கு அதைக் கேட்டு அழுகையும் வந்தது, நிம்மதியாகவும் இருந்தது, ஏனென்றால் அதுவரை சோம்பேறி என்று நானே அவனை அடித்திருக்கிறேன். தறி ஓடுகிற சத்தம் மாறினாலே என்ன கோளாறு என்று அவன் அப்பாவுக்கு முன்னால் சொல்லிவிடுவான். அறிவியல் பாடத்தை நான் ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும், மறுநாள் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வான். அதையே எழுதச் சொன்னால் 'ஒளிச்சேர்க்கை' என்பது 'ஓளிசேக்கை' ஆகிவிடும், ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் விரலெல்லாம் சிவந்து பேனாவைக் கீழே வைத்துவிடுவான். மூன்று மணி நேரத் தேர்வில் பாதி வினாத்தாள்கூட முடிவதில்லை.

அறிக்கையைக் காட்டி, பொதுத்தேர்வில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் உண்டாமே என்று கேட்டேன். அதற்குப் பிரின்சிபால், "மற்ற பிள்ளைகளுக்கு இல்லாத சலுகையை இவனுக்கு மட்டும் கொடுத்தால் அது நியாயமா, நாளைக்கு அவர்கள் பெற்றோர் வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வது" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்த பிறகும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

டி.சி. வாங்கித்தான் ஆக வேண்டுமா? தனியார் அறிக்கை போதுமா, அரசுச் சான்றிதழ் வேண்டுமா? அப்புறம், அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் கேட்பது நிஜமாகவே மற்ற பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கரும்பலகை:

சகோதரி, முதலில் ஒன்று. டி.சி. கேட்டு எந்தக் கடிதமும் எழுதிக் கொடுக்காதீர்கள். "சொந்த விருப்பத்தின் பேரில் பள்ளி மாற்றுகிறோம்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள், கையெழுத்துப் போட்டால் அதோடு கதை முடிந்தது, பிறகு யாரிடம் போனாலும் நீங்களாகத்தானே கேட்டீர்கள் என்பார்கள்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர், 19 வருஷமாக. ஒவ்வொரு ஜூன் மாதமும் இப்படித் தள்ளிவிடப்பட்ட பிள்ளைகள் எங்களிடம் பத்தாம் வகுப்பில் வந்து சேருகிறார்கள். எங்கள் கதவு திறந்தே இருக்கும், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பத்து வருஷம் பழகிய நண்பர்களையும் இடத்தையும் விட்டுவிட்டு, பொதுத்தேர்வு வருஷத்தில், நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளை கடைசி வரிசையில் வந்து உட்காருவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த ஒரு பையன் முதல் ஒரு மாதம் என்னிடம் வாயே திறக்கவில்லை. மின்சுற்றுப் பாடம் நடத்தும்போது பல்பு எரியவில்லை, நான் தேடிக்கொண்டிருக்கிறேன், அவன் எழுந்து வந்து ஒயர் முனையைச் சுரண்டி மாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான். அன்றைக்குத்தான் அவன் யாரென்று எனக்குத் தெரிந்தது.

சட்டத்துக்கு வருகிறேன். எட்டாவது வரைக்கும்தான் கல்வி உரிமைச் சட்டம் காப்பாற்றும், ஒன்பதாவது வந்துவிட்டால் எங்கள் இஷ்டம் என்று நிறையப் பள்ளிகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த 2009 சட்டம் 6 முதல் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் மகனுக்கு இன்னொரு சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. பழைய 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, அதில் டிஸ்லெக்சியா கிடையாது. 2016 சட்டத்தில் 21 வகைகள், அதில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதன் 16ஆம் பிரிவு, அரசு நிதி வாங்கும் பள்ளி மட்டுமல்ல, அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடு இல்லாமல் சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து அதற்கேற்றபடி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது. மெட்ரிக் பள்ளி அங்கீகாரம் பெற்ற பள்ளிதானே. எல்.கே.ஜி.யிலிருந்து பத்து வருஷம் அவர்கள் கையில் இருந்த பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்று கண்டுபிடித்திருக்க வேண்டியது அவர்கள்தான், நீங்கள் கோவைக்கு அலைந்து கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

17ஆம் பிரிவையும் படியுங்கள். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு, இதெல்லாம் அதிலேயே எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் இது புதிதும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் தேர்வுத்துறை இந்தச் சலுகைகளுக்கு விண்ணப்பம் வாங்குகிறது, பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். அதனால்தான் பள்ளி ஒத்துழைக்காவிட்டால் பிள்ளை மாட்டிக்கொள்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது, எதையும் வாயால் பேசாமல் எழுத்தில் கொடுங்கள். "இந்த அறிக்கையின்படி என் மகனுக்குக் கற்றல் குறைபாடு உள்ளது, 2016 சட்டப்படி அவனுக்கு உரிய வசதிகளைச் செய்து தர வேண்டுகிறேன், பத்தாம் வகுப்பையும் இதே பள்ளியில் தொடர விரும்புகிறோம்" என்று நாலு வரி போதும். நகலில் முத்திரை வாங்குங்கள், கொடுக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்), அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர், அதற்கும் மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் சொல்லலாம். இந்தச் சட்டத்தை மீறினால் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் வரை, அதற்கு மேல் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் என்று 89ஆம் பிரிவு இருக்கிறது. சண்டைக்குப் போகச் சொல்லவில்லை, இன்னும் ஒரு வருஷம் அங்கேதான் பிள்ளை படிக்க வேண்டும். ஆனால் இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்தாலே பேச்சு மாறும்.


வாசல்_திண்ணை:

நான் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் அக்கா, உங்கள் மகனை வெளியே அனுப்புவது தப்பு, அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் கடைசியாக நீங்கள் கேட்டீர்களே, அந்தக் கேள்வி எனக்கும் இருக்கிறது. என் பெண் பன்னிரண்டாவது. வேதியியல் தேர்வில் போன தடவை நேரம் போதாமல் ஒரு ஐந்து மார்க் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவளுக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருந்தால் எழுதியிருப்பாள். கட்-ஆஃபில் அரை மார்க்கில் காலேஜ் மாறிவிடுகிற ஊரில், எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே நேரம் என்பதுதானே நியாயம்? காசு கொடுத்து யாராவது சான்றிதழ் வாங்கிவந்தால்? இதற்கு ஒரு நேரான பதில் தேவை, யாரையும் புண்படுத்தக் கேட்கவில்லை.


ஆறுபுள்ளி:

வாசல்_திண்ணை, உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஒரு மணி நேரத்தை வாங்கித் தேர்வு எழுதியவன் நான். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. இப்போது மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை, இதை ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைச் சத்தமாக வாசித்துக் காட்டும் மென்பொருள், வைத்துத்தான் தட்டச்சு செய்கிறேன்.

பத்தாவது கணக்குத் தேர்வு. எனக்குச் சொல்வதை எழுதுபவராக வந்தவர் வேறு பாடம் நடத்தும் ஒரு ஆசிரியர். நல்ல மனுஷர், பொறுமையானவர். வினாத்தாளை அவர் வாசிக்க வேண்டும், நான் கேட்டு மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் பெண் ஒரு கேள்வியைப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் கண்ணை அடுத்ததுக்கு நகர்த்துவாள், ஒரு நொடி. நான் "சார், மறுபடி அந்த முப்பத்தி நாலாவது கேள்வியை வாசிங்க" என்று கேட்டு, அவர் தேடி, வாசித்து முடிக்கும்போது ஒரு நிமிஷம் போய்விடும். ஒரு வர்க்கமூலத்தை எழுதவைக்க, "ரூட் போடுங்க சார், உள்ளே எக்ஸ் ஸ்கொயர், பிளஸ் நாலு, ரூட் இங்கே முடிஞ்சிருச்சு, இப்ப வெளியே வகுத்தல் ரெண்டு, ரெண்டு முழுசுக்கும் கீழே வரணும்" என்று சொல்ல வேண்டும். அவர் ரூட்டை நீளமாக இழுத்துவிட்டால் விடையே தப்பு, அது எனக்குத் தெரியவும் தெரியாது. அதனால் எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்வேன். ஒவ்வொரு படிக்கும் இப்படி. மற்ற பிள்ளைகள் முடித்துவிட்டுப் போன பிறகும் நான் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அதிலும் கடைசி ஒரு கேள்வியை முடிக்கவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் ஒரு புதுக் கணக்கைக்கூட யோசிக்கவில்லை. பார்வை உள்ளவர்களுக்குச் செலவே ஆகாத வேலைகளுக்குத்தான் அந்த நேரம் முழுக்கப் போனது. உங்கள் பெண்ணுக்கு நேரம் போதாமல் போனது வருத்தம்தான், ஆனால் அவள் மூன்று மணி நேரமும் வேதியியலோடு இருந்தாள். மருதாணிச்செடி அக்காவின் மகன் அதே மூன்று மணி நேரத்தில் முக்கால்வாசியை எழுத்துகளோடு மல்லுக்கட்டியே தொலைக்கிறான். தாள் ஒன்றுதான், கடிகாரமும் ஒன்றுதான், ஆனால் பாடத்துக்காக அவர்கள் இரண்டு பேருக்கும் கிடைத்த நேரம் ஒன்று இல்லை. மத்திய அரசின் 2018ஆம் வருஷத்து வழிகாட்டுதலில் மணிக்குக் குறைந்தது 20 நிமிஷம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'ஈடுசெய்யும் நேரம்' என்ற பொருளில்தான் வருகிறது. இழந்ததைத் திருப்பிக் கொடுப்பது. எங்களிடம் இன்னும் 'சலுகை' என்ற வார்த்தைதான் புழங்குகிறது, எனக்கு அந்த வார்த்தை பிடிப்பதில்லை.

போலிச் சான்றிதழ் பற்றி. இருக்கலாம், இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதே வாதத்தைக் கேட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள ஒருவர், யு.பி.எஸ்.சி. தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் கேட்டார், 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்புக்குள் நீ வரவில்லை என்று மறுத்தார்கள். யாரோ தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற சந்தேகத்தை வைத்து உரிமை உள்ளவருக்கு மறுக்க முடியாது, 40 சதவீதம் இல்லை என்பதாலேயே சொல்வதை எழுதுபவரை மறுக்கவும் முடியாது என்று தீர்ப்பு வந்தது. அக்கா, உங்கள் மகனுக்குச் சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டால் பயந்துவிடாதீர்கள், இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 2021இல் டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவி நீட் எழுதப் போனார், கூடுதல் நேரம் அவருக்கு உண்டு, சான்றிதழும் இருந்தது, ஆனால் தேர்வு மையத்தில் மற்றவர்களோடு சேர்த்தே அவர் தாளையும் வாங்கிவிட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மறுதேர்வு கிடைக்கவில்லை, ஆனால் நடந்த அநியாயத்தைச் சரிசெய்ய வழி யோசிக்கச் சொல்லித் தேர்வு முகமைக்கு உத்தரவு போட்டார்கள். அதனால் கூடுதல் நேரத்துக்கான ஆணை வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தேர்வுக்கு ஒரு வாரம் முன்னாலேயே மையத்துக்குப் போய் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் பேசுங்கள், தினமும் ஆணையின் நகல் பையனிடம் இருக்கட்டும்.

அப்புறம், இப்போதிருந்தே விடையைச் சொல்லப் பழக்குங்கள். பேசுவது வேறு, இன்னொருவர் எழுதும் வேகத்துக்குச் சொல்வது வேறு. தினமும் அரை மணி நேரம் வீட்டில் யாராவது உட்கார்ந்து எழுத, அவன் சொல்லட்டும். நான் பத்தாவதில் இதைப் பழகாமல் போய்த்தான் கஷ்டப்பட்டேன்.


மணல்தட்டு:

நான் சிறப்புப் பயிற்றுநர். ஒரு வட்டார வள மையத்தில் இருந்துகொண்டு பல பள்ளிகளுக்குப் போய்வருகிறேன், தொகுப்பூதியம்தான். இரவு வீட்டுக்கு வந்துதான் இந்த இழையைப் பார்த்தேன்.

சான்றிதழ் விஷயம் முதலில். தனியார் உளவியல் நிபுணரின் அறிக்கை நல்ல ஆதாரம், பத்திரமாக வையுங்கள், ஆனால் தேர்வுத்துறைக்கு அரசு மருத்துவரின் சான்று தேவைப்படும். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவில் போய்க் கேளுங்கள். கற்றல் குறைபாட்டுக்கு 8 வயது முடிந்த பிறகுதான் சான்றிதழ், உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டான். யு.டி.ஐ.டி. எனும் தனித்துவ அடையாள அட்டைக்கும் அப்படியே பதிந்துவிடுங்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி செய்வார்கள். உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையம் நடத்தும் மருத்துவ முகாமுக்குக் கூட்டிப்போனால் அங்கேயே வழிகாட்டுவார்கள். ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று தடவை அலைய வேண்டியிருக்கும். அதனால் பத்தாவது தொடங்கட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே ஆரம்பியுங்கள். மொழி விலக்கைப் பற்றி மட்டும் அவசரப்படாதீர்கள். அவன் பிறகு என்ன படிக்க நினைக்கிறான் என்று பேசிப் பார்த்துவிட்டு, கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் இருந்தாலே இரண்டு மொழியையும் சமாளிக்க முடியுமா என்று ஒரு மாதிரித் தேர்வு வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளிக்குப் போங்கள் என்றும் யாராவது சொல்லுவார்கள். நல்ல ஏற்பாடுதான், பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொன்றாகவும் எழுதி முடிக்கலாம், நிறையப் பிள்ளைகள் அதில் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அது பிள்ளையும் நீங்களும் விரும்பிப் போகும் இடமாக இருக்க வேண்டும், பள்ளி தன் ரிசல்ட்டுக்காக ஒதுக்கித் தள்ளும் இடமாக ஆகிவிடக்கூடாது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. டிஸ்லெக்சியா என்றாலே ஆங்கிலத்தில் 'பி'யும் 'டி'யும் மாற்றி எழுதுவது என்று நம் ஆசிரியர்களுக்கே ஒரு நினைப்பு இருக்கிறது. தமிழில் அது எப்படி வரும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. 'கெ' என்ற எழுத்தைப் பாருங்கள். காதில் முதலில் கேட்பது 'க்', ஆனால் கையில் முதலில் எழுதுவது கொம்பு. 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் எழுத்து. 'கௌ' என்பதில் பின்னால் வரும் குறியும் 'ள' என்ற எழுத்தும் பார்க்க ஒன்றுதான். உகரம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு விதமாக வளைகிறது, கு, சு, து, மு, ரு எழுதிப் பாருங்கள். 'க' ஒரே எழுத்து, கடலில் ஒரு சத்தம், மகனில் ஒரு சத்தம், தங்கத்தில் ஒரு சத்தம். நமக்கெல்லாம் இது பழக்கத்தில் வந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசித்துத்தான் வரும். உங்கள் மகன் 'ஒளிச்சேர்க்கை'யில் ஒற்றை விட்டதும், ஒகரத்தை ஓகாரம் ஆக்கியதும் சோம்பல் இல்லை. அந்த வார்த்தையில் ச், ர், க் என்று மூன்று ஒற்று வருகிறது, மூன்றையும் காதால் பிரித்துக் கையில் கொண்டுவருவது அவனுக்கு மலை ஏறுவது மாதிரி.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. நீளமான சொல்லைப் பிரித்து எழுதிக் காட்டுங்கள், ஒளிச் - சேர்க் - கை என்று, ஒவ்வொரு துண்டையும் வேறு நிறத்தில். ஒரு தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுதவைப்பது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, பெரிய பையன்களும் யாரும் பார்க்காத இடத்தில் செய்வார்கள், கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். வாசிக்கும்போது கீழ் வரிகளை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு ஒரு வரி மட்டும் தெரியும்படி வாசிக்கட்டும். பள்ளியில் கேட்க வேண்டியது, வகுப்பில் எல்லார் முன்னாலும் எழுந்து சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள் என்பது. இது ஒன்றை நிறுத்தினாலே பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வருவார்கள், இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்குக் கோவை வரை கூட்டிப்போக நீங்கள் இருக்கிறீர்கள். நான் போகும் பள்ளிகளில் செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள், அம்மா இல்லாமல் பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மக்கு என்ற பட்டத்தைத் தவிர வேறு பெயரே கிடைக்காமல் ஒன்பதாவதோடு வேலைக்குப் போய்விடுகிறார்கள். உச்ச நீதிமன்றம் 2021இல் ஒரு தீர்ப்பில் பள்ளிகளில் சிறப்பாசிரியர்கள் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று வரையறுக்கச் சொன்னது, அடுத்த வருஷம் தொடக்கப் பள்ளியில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று மத்திய அரசு விதியும் போட்டது. நான் ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் போனாலே பெரிது. வாசல்_திண்ணை அவர்களே, தகுதி இல்லாதவர்கள் சான்றிதழ் வாங்கிவிடுவார்களோ என்று கவலைப்படுகிறீர்கள், எனக்கு இரவில் தூக்கம் வராமல் செய்வது, கிடைக்க வேண்டியும் கிடைக்காமல் போகிற பிள்ளைகள்தான்.


வாசல்_திண்ணை:

ஆறுபுள்ளி சொன்னதை வீட்டில் சத்தமாக வாசித்தேன். ரூட் எங்கே முடிகிறது என்று வாயால் சொல்ல வேண்டும் என்பது எனக்கு இத்தனை வயதில் தோன்றியதே இல்லை. என் பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சமன்பாட்டைச் சொல்லச் சொல்லி நான் எழுதிப் பார்த்தேன், இரண்டு வரியில் இரண்டு பேருமே குழம்பிவிட்டோம். அவள், "அப்பா, அவங்களுக்கு ஒரு மணி நேரம் பத்தாதுப்பா" என்றாள். நான் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கட்-ஆஃப் பயம் இன்னும் போகவில்லை, ஆனால் அதற்கு இந்தப் பிள்ளைகள் காரணம் இல்லை. மருதாணிச்செடி அக்கா, நான் பக்கத்து மாவட்டம்தான், கலெக்டர் ஆபீஸ் அலைச்சலுக்கு ஆள் தேவை என்றால் சொல்லுங்கள்.


கரும்பலகை:

மணல்தட்டு சொன்ன சத்தமாக வாசிக்கச் சொல்வதை நானும் பல வருஷம் செய்திருக்கிறேன். வாசிக்கத் தடுமாறுபவனைத்தான் குறிப்பாக எழுப்புவேன், அப்படி எழுப்பினால்தான் பழகுவான் என்று நினைத்து. பி.எட்.டில் இதைப் பற்றி ஒரு பாடம் இருந்தது, தேர்வுக்குப் படித்தோம், வகுப்பறைக்கு வந்தபோது நினைவில் இல்லை. நாளையிலிருந்து வாசிக்க விரும்புபவர் கை தூக்கட்டும் என்று மாற்றுகிறேன்.


மருதாணிச்செடி:

எல்லாருக்கும் நன்றி. பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். கரும்பலகை சார் சொன்னபடி கடிதம் எழுதிக் கொண்டுபோனோம், நகலில் முத்திரை போட மாட்டேன் என்றார்கள், அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். நான்காம் நாள் போன் வந்தது. பிரின்சிபால் இந்தத் தடவை உட்காரச் சொன்னார். டி.சி. பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, அரசு மருத்துவமனைச் சான்று கொண்டுவந்தால் தேர்வுத்துறைக்கு விண்ணப்பம் அனுப்புகிறோம் என்றார். மற்ற பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது என்று மறுபடி கேட்டார். ரூட் விஷயத்தை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார், பிறகு சட்டத்தின் நகல் ஒன்று கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். மனசு மாறியதா தெரியாது, எனக்கு அது பற்றிக் கவலையும் இல்லை. அறிவியல் மிஸ் மட்டும் வெளியே வந்து, இனிமேல் மாதத் தேர்வில் அவனை வாயால் சொல்லவைத்து மார்க் போடுகிறேன் என்றார்.

வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குத் தறியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அவன் சொல்ல அவன் அப்பா எழுதுகிறார். முதல் இரண்டு நாள் அவர் மாட்டேன் என்றே சொன்னார். எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டேன். மூன்றாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், அவன் சொன்னதை எழுதினார், ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்களுக்கும் கொம்பு பின்னாடி வருது" என்றான். ஏழாவதோடு ஏன் நின்றார் என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்னதில்லை, தறி ஓட்ட ஆள் இல்லை என்றுதான் சொல்லுவார். அன்றைக்கு அவனிடம் சொன்னார், நான் சமையலறையில் இருந்து கேட்டேன். இப்போது இரண்டு பேரும் ஒரே தட்டு மணலில் எழுதுகிறார்கள்.

வரும் வியாழக்கிழமை மருத்துவமனைக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். மணல்தட்டு அம்மா, அவனுடைய நோட்டுகளில் இந்த வருஷத்தது மட்டும் போதுமா, பழையதும் வேண்டுமா? பரண்மேல் மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறேன்.


மணல்தட்டு:

பழையதையும் எடுத்துப் போங்கள். இரண்டாவது, மூன்றாவது வகுப்பு நோட்டு இருந்தால் ரொம்ப நல்லது, சின்ன வயதிலிருந்தே இருக்கிறது என்று டாக்டர் பார்த்ததும் புரிந்துகொள்வார். ரிப்போர்ட் கார்டுகள், கோவை அறிக்கையின் நகல், இரண்டு போட்டோ, ஆதார் நகல். காலையில் நன்றாகச் சாப்பிடவைத்துக் கூட்டிப்போங்கள், காத்திருக்க வேண்டியிருக்கும், பசியோடு உட்காரவைத்தால் அவனுக்குத் தெரிந்ததும் வராது. முடிந்தால் அப்பாவையும் கூட வரச்சொல்லுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று டாக்டர் கட்டாயம் கேட்பார்.